ஃபோல்ஜர் ‘மாக்பெத்’ பதிப்பு: பாத்திரங்களுக்கு நம்பலாம், கலைச்சொல்லுக்கு நீங்களே உழைக்க வேண்டும்

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் ‘மாக்பெத்’ பாடமாக வந்தால் மாணவர் கையில் முதலில் ஏறுவது கைடுதான். மூல நாடகம் அப்புறம் வரும், பல பேருக்கு வராமலே போகும். கைடில் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, சாலிலக்வி (தனிமொழி), அசைடு (கூட நிற்பவர்கள் காதில் விழாததாக வைத்துக்கொள்ளும் பேச்சு), டிராமாட்டிக் ஐரனி (பாத்திரத்துக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரிவது), ஹமார்ஷியா (நாயகனை வீழ்த்தும் பிழை) என்ற கலைச்சொற்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம். பாஸ் ஆக அது போதும். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் இருப்பது சரியா என்று பார்க்க நாடகம் வேண்டும், அதுவும் ஷேக்ஸ்பியர் எழுதியது எது, பின்னால் வந்த பதிப்பாசிரியர் சேர்த்தது எது என்று பிரித்துக் காட்டுகிற நாடகம் வேண்டும். அந்த வேலைக்கு இப்போது கிடைப்பவற்றில் முதலில் வாங்கச் சொல்வது ஃபோல்ஜர் பதிப்பை. குறைகளும் இருக்கின்றன, அவற்றில் ஒன்று பெரிய குறை.

வாஷிங்டனில் 1932-இல் திறந்த ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் பதிப்பு இது. 1623-இல் அச்சான முதல் ஃபோலியோவின், அதாவது ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பின், 82 பிரதிகள் அங்கே இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இத்தனை இல்லை. ‘மாக்பெத்’துக்கு அந்த ஃபோலியோ மட்டுமே மூலம். ‘ஹாம்லெட்’ மாதிரி தனியாக வந்த பழைய குவார்ட்டோக்கள் (ஒரே நாடகத்தின் சின்ன அளவு அச்சுப் பிரதிகள்) இதற்குக் கிடையாது. பதிப்பாசிரியர்கள் பார்பரா மோவாட், பால் வெர்ஸ்டீன். புத்தகத்தை வெளியிடுவது சைமன் அண்ட் ஷுஸ்டர். நாடக வரிகளை மட்டும் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளவும் செய்யலாம்.

புத்தகத்தைத் திறந்தால் வலது பக்கம் நாடகம், இடது பக்கம் அதே வரிகளுக்கான குறிப்பு. ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் இடது பக்கத்தில் சின்னக் கதைச்சுருக்கம். நடுநடுவே நூலகத்தின் பழைய புத்தகங்களிலிருந்து எடுத்த படங்கள். இந்த அமைப்பின் பலன் படிக்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்திலேயே தெரியும்: அடிக்குறிப்புக்குக் கண்ணைக் கீழே இறக்கி, மறுபடி மேலே வந்து வரியைத் தேடும் அல்லாட்டம் இல்லை. சுருக்கத்தை மட்டும் காட்சியைப் படித்து முடித்த பிறகு பாருங்கள். முதலிலேயே பார்த்தால் வரிகளை மேய்ந்துவிட்டுப் போகத்தான் தோன்றும்.

பாத்திரப் பட்டியல்தான் இந்தப் பதிப்பின் பலம். ஃபோலியோவில் ‘மாக்பெத்’துக்குப் பாத்திரப் பட்டியலே கிடையாது, இன்று நாம் பார்க்கும் எல்லாப் பட்டியலும் பதிப்பாசிரியர்கள் கட்டியதுதான். ‘லேடி மாக்பெத்’ என்று நாம் பழகிவிட்ட பெயரும் அப்படித்தான் நிலைத்தது. ஃபோலியோவில் அவள் வெறும் ‘லேடி’, அல்லது மாக்பெத்தின் மனைவி. டங்கன் வெறும் ‘கிங்’. ஃபோல்ஜர் பட்டியல் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருக்கிறது: டங்கனும் மகன்கள் மால்கம், டொனால்பேனும் ஒரு பக்கம், மாக்பெத், மனைவி, அவர்களை அண்டி நிற்கும் சீட்டன், மருத்துவர், தோழிப்பெண், வாயிற்காவலன் ஒரு பக்கம், பாங்க்வோவும் ஃப்ளீயன்ஸும், மாக்டஃப் குடும்பம், பிறகு லெனாக்ஸ், ராஸ், ஆங்கஸ், மென்டீத், கேத்னஸ் என்ற பிரபுக்கள் கூட்டம். யாருக்கு யார் என்ன உறவு என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

தேர்வில் வழுக்குகிற இடங்களை இந்தப் பட்டியலை வைத்தே சரிசெய்யலாம். நாடகத்தில் மருத்துவர் இரண்டு பேர். நான்காம் அங்கம் மூன்றாம் காட்சியில் இங்கிலாந்து அரசவையில் வருபவர் ஒருவர். ஐந்தாம் அங்கம் முதல் காட்சியில் லேடி மாக்பெத் தூக்கத்தில் நடப்பதைப் பார்ப்பவர் வேறொருவர். ஒருவரே என்று எழுதிய கைடுகள் உண்டு. கொலையாளிகள் விஷயமும் இதேபோலத்தான். பாங்க்வோவையும் மகன் ஃப்ளீயன்ஸையும் கொல்ல மூன்றாம் அங்கம் முதல் காட்சியில் மாக்பெத் பேசி அனுப்புவது இரண்டு பேரை. மூன்றாம் காட்சியில் திடீரென்று மூன்றாவது ஆள் வந்து நிற்கிறான். கூட இருக்கும் இருவருக்கே அவன் யாரென்று தெரியவில்லை. அவன் மாக்பெத்தேதான் என்று ஒரு பழைய வாதம் உண்டு. நாடகத்தில் அதற்கு ஆதாரம் இல்லை, நம்பி எழுத வேண்டாம்.

காடர் பிரபுவை எந்தப் பட்டியலிலும் தேடாதீர்கள். துரோகம் செய்த அந்த மனிதன் மேடைக்கே வருவதில்லை; முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் அவன் பட்டம் பறிபோகிறது, நான்காம் காட்சியில் அவன் செத்த விதத்தை மால்கம் விவரிக்கிறான். அதன் பிறகு ‘காடர்’ என்றால் மாக்பெத். டொனால்பேன் இரண்டாம் அங்கத்தில் அயர்லாந்துக்குப் போகிறவன், பிறகு திரும்புவதே இல்லை. ஐந்தாம் அங்கத்தில் அவன் அண்ணனோடு இருக்கிறானா என்று ஒருவர் கேட்க, இல்லை என்று பதில் வருவதோடு அவன் கதை முடிந்தது. டங்கனும் நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் வருகிறான்: முதல் அங்கத்தின் இரண்டு, நான்கு, ஆறாம் காட்சிகளில் மட்டும். இதையெல்லாம் பட்டியல் தானாகச் சொல்லாது. பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அங்கம், காட்சி எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொண்டே படியுங்கள். ஒரு முறை செய்தால் போதும், கைடின் பாத்திரப் பகுதி தேவையே படாது.

அடுத்து, இந்தப் பதிப்பில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் சமாச்சாரம்: அரை அடைப்புக்குறி. சில சொற்களின் மேல் மூலையில் மட்டும் சின்னக் கோடு வளைந்திருக்கும். அச்சுப் பிழை இல்லை. ஃபோலியோவில் இல்லாததைப் பதிப்பாசிரியர் சேர்த்தார், அல்லது மாற்றினார் என்பதற்கு அடையாளம் அது. நான்காம் அங்கம் முதல் காட்சியில் எட்டு அரசர்கள் வரிசையாகப் போகிறார்கள். ஃபோலியோவின் மேடைக் குறிப்பு பாங்க்வோ கடைசியில், கையில் கண்ணாடியோடு வருவதாகச் சொல்கிறது. ஆனால் மாக்பெத் பேசும் வரியில் கண்ணாடி எட்டாவது அரசன் கையில் இருக்கிறது. பேச்சும் குறிப்பும் மோதுகின்றன. ஃபோல்ஜர் கண்ணாடியை எட்டாம் அரசனுக்கு மாற்றி, மாற்றிய இடத்தை அரை அடைப்புக்குறிக்குள் காட்டிவிடுகிறது. மறைத்து வைக்காமல் செய்த திருத்தம் என்பதால் நம்பலாம்.

இன்னும் முக்கியமான இடம் மாக்பெத்தின் சாவு. ஃபோலியோ குறிப்பில் மாக்பெத்தும் மாக்டஃபும் சண்டையிட்டபடி வெளியேறுகிறார்கள், மறுபடி சண்டையிட்டபடி நுழைகிறார்கள், மாக்பெத் மேடையிலேயே கொல்லப்படுகிறான். சற்று நேரத்தில் மாக்டஃப் அவன் தலையோடு உள்ளே வருகிறான். அப்படியானால் உடல் நடுவில் வெளியே போயிருக்க வேண்டும். அதைச் சொல்லும் குறிப்பு ஃபோலியோவில் இல்லை. ஃபோல்ஜர் மாக்டஃப் உடலைத் தூக்கிச் செல்வதாகச் சேர்க்கிறது, அதுவும் அடைப்புக்குள். ‘கேட்டாஸ்ட்ரஃபி (துயர முடிவு) மேடையில் நடக்கிறதா, மேடைக்கு வெளியிலா’ என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பதிலுக்கு இந்த ஒரு பக்கத்தை நின்று படித்தால் போதும்.

இனி அந்தப் பெரிய குறை. நாடகக் கலைச்சொற்களுக்கு இதில் தனி அகராதியே இல்லை. இடது பக்கக் குறிப்பு ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லும்; ‘இது டிராமாட்டிக் ஐரனி’ என்று சுட்டிக்காட்டாது. பின்னால் இருக்கும் சூசன் ஸ்னைடரின் கட்டுரை நல்ல கட்டுரைதான், ஆனால் அது நாடகத்தின் பொருளைப் பேசுகிறது, கலைச்சொல் பாடம் எடுக்கவில்லை. முதல் முறையாக ஒரு துயர நாடகத்தைப் படிக்கும் முதலாண்டு மாணவருக்கு இது இடைஞ்சல்தான். கலைச்சொல் அகராதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அகராதி தரும் இலக்கணத்தை நாடகத்தில் பொருத்திப் பார்க்கும்போது ஃபோல்ஜர் தரும் மேடைக் குறிப்புகள்தான் கை கொடுக்கும். கைடு சறுக்குவதும் அங்கேதான்.

சாலிலக்வியை எடுத்துக்கொள்வோம். மேடையில் தனியாக இருக்கும் பாத்திரம் தன் மனதைப் பேசுவது. ஐந்தாம் அங்கம் ஐந்தாம் காட்சியின் ‘டுமாரோ அண்ட் டுமாரோ’ பேச்சை ஏறக்குறைய எல்லாக் கைடும் சாலிலக்வி என்றே போடுகிறது. காட்சியின் தலையில் இருக்கும் குறிப்பைப் பாருங்கள்: மாக்பெத், சீட்டன், படைவீரர்கள், முரசு, கொடி. அரசி இறந்தாள் என்று சொல்வதே சீட்டன். அந்தப் பேச்சு முடிந்ததும் இன்னொரு தூதன் வருகிறான். மாக்பெத் தனியாக இருக்கும் இடம் இல்லை இது. ‘சாலிலக்வி போல ஒலிக்கும் பேச்சு, ஆனால் மேடையில் ஆள் இருக்கிறார்கள்’ என்று எழுதினால் மதிப்பெண் குறையாது. திருத்துபவர் நாடகம் படித்தவராக இருந்தால் கூடும். கேள்விக்கு இடமில்லாத சாலிலக்விகள் முதல் அங்கம் ஏழாம் காட்சியின் தொடக்கம், இரண்டாம் அங்கம் முதல் காட்சியில் கத்தி தெரிவது, மூன்றாம் அங்கம் முதல் காட்சியில் பாங்க்வோவைப் பற்றிய பயம். லேடி மாக்பெத்துக்கு முதல் அங்கம் ஐந்தாம் காட்சியில் கடிதம் படித்த பின் ஒன்று, காக்கை கரைவதைச் சொல்லும் இடத்தில் ஒன்று. அவள் தூக்கத்தில் நடக்கும் காட்சி இந்தக் கணக்கில் வராது. மருத்துவரும் தோழியும் நின்று கேட்கிறார்கள். கேட்டதை எழுதியும் வைக்கிறார் மருத்துவர்.

அசைடு இன்னும் சிக்கல். முதல் அங்கம் மூன்றாம் காட்சியில், சூனியக்காரிகள் சொன்ன இரண்டு வாக்கு பலித்துவிட்டதே என்று மாக்பெத் தனக்குள் பேச ஆரம்பித்து, நடுவில் ராஸ் பக்கம் திரும்பி ‘நன்றி, ஐயன்மீர்’ என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு, மறுபடி தனக்குள் போய்விடுகிறான். பாங்க்வோ தள்ளி நின்று ‘நம்ம ஆள் எப்படி மயங்கி நிற்கிறான் பாருங்கள்’ என்கிறான். நீளத்தைப் பார்த்தால் சாலிலக்வி போலிருக்கிறது. ஆட்கள் சுற்றி நிற்பதைப் பார்த்தால் அசைடு. அசைடு என்றே எழுதுங்கள். காரணமாக அந்த நன்றியையும் பாங்க்வோவின் வாக்கியத்தையும் காட்டுங்கள். ‘அசைடு’ என்ற குறிப்பு பல இடங்களில் அரை அடைப்புக்குள் இருப்பதையும் கவனியுங்கள். பதிப்பாசிரியர் முடிவு அது. நடிகரோ இயக்குநரோ வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

டிராமாட்டிக் ஐரனிக்குக் கைடு தரும் உதாரணம் பெரும்பாலும் முதல் அங்கம் ஆறாம் காட்சியில் டங்கன் கோட்டையைப் புகழ்வது. சரியான உதாரணம்தான். ஆனால் நான்காம் காட்சியில் இதைவிடக் கூர்மையான ஒன்று இருக்கிறது. காடர் பிரபுவைப் பற்றி டங்கன் பேசுகிறான்: முகத்தை வைத்து மனதைக் கண்டுபிடிக்கும் வித்தை கிடையாது, அவனை முழுசாக நம்பியிருந்தேன். அடுத்த வரி ஒரு மேடைக் குறிப்பு. மாக்பெத் உள்ளே வருகிறான். புதிய காடர். டங்கன் அவனை வாயாரப் புகழ்ந்து வரவேற்கிறான். இங்கே ஐரனி இருப்பது வசனத்தில் பாதி, நுழைவுக் குறிப்பில் பாதி. வசனத்தை மட்டும் பிய்த்துப் போடும் மேற்கோள் தொகுப்பில் இது கிடைக்காது.

விருந்துக் காட்சியில் ஆவி நுழையும் இடமும் அப்படித்தான். பாங்க்வோவின் ஆவி வந்து மாக்பெத்தின் இருக்கையில் உட்காருவதாக ஃபோலியோ குறிப்பு சொல்கிறது. மாக்பெத் அதைக் கவனிப்பது சில வரிகள் கழித்துத்தான். நடுவில் பாங்க்வோ வரவில்லையே என்று வருத்தப்படுவதாகவும் காட்டிக்கொள்கிறான். இருக்கையில் யார் இருக்கிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. 1611-இல் குளோப் அரங்கில் நாடகம் பார்த்த சைமன் ஃபோர்மன் எழுதிவைத்த குறிப்பிலும் ஆவி நாற்காலியில் உட்கார்ந்தது பதிவாகியிருக்கிறது.

கிளைமாக்ஸ் எது என்ற சண்டைக்கு ஃபோல்ஜரில் பதில் கிடையாது, இருக்கவும் வேண்டாம். ஐந்து அங்கத்தையும் ஏறி இறங்கும் கூம்பாக வரைவது 1863-இல் ஜெர்மானியர் குஸ்டாவ் ஃப்ரைடாக் வகுத்தது. ஷேக்ஸ்பியர் அதை வைத்து எழுதவில்லை. ஃப்ளீயன்ஸ் தப்புவதைத் திருப்பம் என்பதா, அடுத்த காட்சியின் விருந்தை என்பதா என்றால் என் ஓட்டு முதலாவதற்கு. விளக்கை அணைத்தது யார் என்று கொலையாளிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் அந்த இருட்டில்தான் மாக்பெத்தின் கணக்கு முதல் முறையாகத் தவறுகிறது. விருந்தில் நாம் பார்ப்பது அதன் விளைவை.

மேற்கோள் எண்ணில் ஒரு எச்சரிக்கை. ஃபோல்ஜரில் ஒவ்வொரு காட்சிக்கும் வரி எண் ஒன்றிலிருந்து தொடங்கும். கல்லூரி வேறு பதிப்பைப் பரிந்துரைத்திருந்தால் எண்கள் முன்பின்னாகும். செய்யுளில் வித்தியாசம் சொற்பம். உரைநடைப் பகுதியில் எகிறும், ஏனென்றால் உரைநடை வரி எங்கே உடையும் என்பது பக்கத்தின் அகலத்தைப் பொறுத்தது. முதல் அங்கத்துக் கடிதம், வாயிற்காவலன் பேச்சு, தூக்கத்தில் நடக்கும் காட்சி ஆகிய மூன்றிலும் எண்ணைச் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். கடைசிக் காட்சியும் தொல்லை தரும்: ஃபோலியோவில் ஐந்தாம் அங்கத்துக்கு ஏழு காட்சி, ஃபோல்ஜரில் எட்டு, வேறு சில பதிப்புகளில் ஒன்பதோ அதற்கு மேலோ. எந்தப் பதிப்பு என்று முதல் மேற்கோளிலேயே குறித்துவிட்டால் வம்பில்லை.

இணையப் பிரதியை இறக்கும்போது பிடிஎஃப் எடுங்கள். காட்சி வரி எண்ணோடு, நாடகம் முழுக்கத் தொடர்ந்து ஓடும் எண்ணும் ஓரத்தில் இருக்கும். ஒத்திகையில் ‘இந்த இடத்திலிருந்து’ என்று சொல்ல அது சௌகரியம். வேர்டு கோப்பு, வெட்டி ஒட்டி நடிகர் பிரதி தயாரிக்க உதவும். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குத்தான் அனுமதி. டிக்கெட் போட்டு நடத்துவதாக இருந்தால் நிபந்தனையை முதலில் படியுங்கள். இடது பக்கக் குறிப்புகள் இந்த இலவசப் பிரதியில் இல்லை. ‘ஃபோல்ஜர் இலவசம்தானே’ என்று இறக்கிவிட்டுத் திணறுபவர்களுக்கு இதுதான் காரணம். குறிப்பு வேண்டுமென்றால் புத்தகம்தான். மின்னூலாக வாங்கினால் குறிப்பு இருக்கும், ஆனால் எதிரெதிர்ப் பக்கம் இருக்காது. ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் போய்த் திரும்ப வேண்டும். இந்தப் பதிப்பின் பாதி அருமை அங்கேயே போய்விடுகிறது. அச்சுப் புத்தகத்தில் சின்ன அளவு, பெரிய அளவு என இரண்டு வரும். பெரியதை எடுங்கள். சின்னதில் எழுத்து பொடி, ஓரத்தில் பென்சில் வைக்கவும் இடமில்லை.

குறிப்புகள் சுருக்கமானவை. வாயிற்காவலன் காட்சி மாதிரி இடத்தில் அந்தச் சுருக்கம் போதாது. நரகத்தின் வாசலில் அவன் வரவேற்கும் ‘ஈக்விவொகேட்டர்’, அதாவது இரட்டை அர்த்தத்தில் சத்தியம் செய்பவன், நாடாளுமன்றத்தோடு மன்னரையும் தகர்க்கத் திட்டமிட்ட 1605 வெடிமருந்துச் சதி வழக்கில் 1606-இல் தூக்கிலிடப்பட்ட பாதிரியார் ஹென்றி கார்னெட்டை நினைவூட்டுகிறான். அன்றைய பார்வையாளருக்கு இது சுடச்சுடச் செய்தி. இதை ‘காமிக் ரிலீஃப்’ என்று ஒரே வார்த்தையில் கடந்து போவது அநியாயம். கடைசி அங்கத்தில் மாக்பெத் சூனியக்காரிகளின் வாக்கைச் சந்தேகிக்கத் தொடங்கும்போது அதே சொல்தான் அவன் வாயிலும் வருகிறது. இந்த மாதிரி ஆழம் வேண்டுபவர்கள் ஆர்டன் ஷேக்ஸ்பியர் பதிப்புகளின் மூன்றாம் வரிசையை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். சாண்ட்ரா கிளார்க், பமேலா மேசன் பதிப்பித்தது, 2015. நீண்ட முன்னுரை, பக்கத்தின் பாதியை விழுங்கும் அடிக்குறிப்பு. எம்.ஏ.வுக்கும் ஆய்வுக்கும் அது. முதல் வாசிப்புக்கு மூச்சு முட்டும். மூலத்துக்குப் பக்கத்திலேயே இன்றைய ஆங்கிலம் தரும் பதிப்புகள் கதையைப் பிடிக்க வசதி. ஆனால் கண் இரண்டு நிமிடத்தில் எளிய பக்கத்துக்கே தாவிவிடும், தேர்வில் மூல வரி ஒன்றும் நினைவுக்கு வராது.

நாடகக் குழுவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியை முதலிலேயே பார்த்துவிடுங்கள். சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கட்டி வரும் அந்தக் காட்சியும், நான்காம் அங்கத்தில் அவள் வரும் சில வரிகளும் அதே கால நாடகாசிரியர் தாமஸ் மிடில்டன் கை பட்டவை என்று பெரும்பாலான ஆய்வாளர் கருதுகிறார்கள். அங்கே குறிக்கப்படும் இரண்டு பாட்டுக்கும் முதல் சொற்கள் மட்டுமே ஃபோலியோவில் உண்டு. முழுப் பாட்டு மிடில்டனின் ‘தி விட்ச்’ நாடகத்தில் இருக்கிறது. ஃபோல்ஜரும் முதல் சொற்களோடு நிறுத்திக்கொள்கிறது, பாட்டை நீங்கள்தான் தேட வேண்டும். வெட்டினால் கதைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆள் குறைவாக இருந்தால் டங்கனாக நடிப்பவர் முதல் அங்கத்தோடு ஓய்ந்துவிடுவதால் ஸ்காட்லாந்து மருத்துவராகவோ ஆங்கிலேயப் படைத்தலைவர் சிவார்டாகவோ வரலாம். முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் மட்டும் வரும் காப்டன் வாயிற்காவலன் ஆகலாம். லேடி மாக்டஃப் தோழிப்பெண்ணாகத் திரும்பலாம். ராஸை மட்டும் யாரோடும் இணைக்காதீர்கள், ஐந்து அங்கத்திலும் வந்துகொண்டே இருக்கிறார்.